பெரிய தாள் ஓவியங்களுக்குச் சட்டம் போடுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். சாமிப் படம், கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம் என்று நாளாந்தம் வருவதெல்லாம் கை பழகிய வேலை. ஆளுயரத் தாளில் வரைந்த ஓவியத்தை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் மேசையில் இருக்கும் மற்ற வேலைகளை ஓரம் கட்டிவிடுவேன். வரைந்த பிள்ளைகள், சித்திர ஆசிரியர்கள், மாரி முடிந்ததும் “படம் இப்படி ஆகிட்டே” என்று வருபவர்கள், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி எந்த ஊருக்கும் பொருந்தும். கச்சான் என்னும் வறண்ட காற்றையும் மாரியில் வீசும் வாடைக்காற்றையும் பற்றிச் சொல்வது எங்கள் கரைக்கு.

பெரிய படம் எண்டு எதைச் சொல்றீங்க? என்னுடையது டிமை தாள்தான்.

டிமை தாள் எங்களுக்குச் சாதாரண அளவு. 22 × 30 அங்குல முழு நீர்வர்ணத் தாளும் கையாளக்கூடியதுதான். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை பெரும்பாலும் 32 × 40 அங்குலத்தில் வருகிறது. அதற்கு மேல் 40 × 60 என்று ஒரு பெரிய அளவு உண்டு, அதைக் கொழும்பில் சொல்லிவைத்துத்தான் எடுக்கவேண்டும். ஆகவே 32 × 40ஐத் தாண்டினால் அதை நான் பெரிய படம் என்பேன். ஏ0 தாள் 841 × 1189 மில்லிமீட்டர், அது தாண்டிவிடுகிறது. ரோலில் இருந்து வெட்டி வரைந்தவை பெரும்பாலும் தாண்டியவைதான்.

அளவு நாடா கையில் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. தாளை இரண்டு மூலையில் பிடித்துத் தூக்கும்போது நடு தொய்ந்து, விரல் பிடித்த இடத்தில் பிறை வடிவில் மடிப்பு விழப் பார்த்தால், அது இரண்டு பேர் தூக்கவேண்டிய படம். அந்தப் பிறை மடிப்பு ஒருமுறை விழுந்தால் முழுதாகப் போகாது.

தம்பி, பின்னால ஒரு பலகையை வச்சுக் கம் பூசி ஒட்டிவிட்டால் தாள் சுருங்காதுதானே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். தயவுசெய்து ஒட்டாதீர்கள்.

தாள் என்பது பருத்தி நார் அல்லது மர நார். காற்றில் ஈரம் கூடினால் நார் அதை உறிஞ்சிப் பருக்கும், காய்ந்தால் மெலியும். நார் ஓடும் திசையில் நீளம் அவ்வளவாக மாறாது, குறுக்கே நன்றாக மாறும். கச்சான் வீசும் ஆடி மாதத்தில் ஐந்தடித் தாள் ஒன்றை மேசையில் விரித்து, அதன் ஓரத்தைப் பென்சிலால் குறித்து வைத்தேன். கார்த்திகை மழையில் திரும்ப விரித்தபோது அந்தக் குறியை 6 மில்லிமீட்டர் தாண்டிக் கிடந்தது. சிறிய படத்தில் இந்த மாற்றம் கண்ணில் படாது. ஐந்தடியில் அது சுண்டுவிரல் அகலத்தில் பாதி.

பலகையோடு ஒட்டிய தாளுக்கு அந்த 6 மில்லிமீட்டர் போக இடமில்லை. பலகை ஒரு கணக்கில் அசையும், தாள் இன்னொரு கணக்கில் அசையும், பசை எங்கே பலவீனமோ அங்கே கொப்புளம் எழும். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு நண்பர் டச்பே கடற்கரையை நீர்வர்ணத்தில் ஐந்தடிக்கு வரைந்து கொண்டுவந்தார். நான் அதை பைண்டர் கம் பூசி ஹார்ட்போர்டில் ஒட்டிக் கொடுத்தேன். மாசியில் தட்டையாக, அழகாக இருந்தது. மார்கழியில் வானம் முழுக்கக் கொப்புளம். கழற்றப் பார்த்தபோது வர்ணம் இருந்த மேல்தோல் உரிந்து வந்தது. அந்த ஓவியத்தை அவரால் திரும்ப வரைய முடியவில்லை. அதற்குப் பிறகு மூலப் படம் எதையும் நான் பலகையில் ஒட்டியதில்லை.

ஒட்டாட்டி எப்படி நிக்கும்? கீழ விழுந்திடாதா?

கொடியில் துணி தொங்குவது போல, தாள் தன் மேல் விளிம்பில் தொங்கும். ஜப்பானில் கோசோ என்னும் செடியின் பட்டையிலிருந்து செய்யும் தாள் மெல்லியது, ஆனால் நீள நார் கொண்டது. அதைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு பாதியைப் படத்தின் பின்புற மேல் ஓரத்திலும் மறு பாதியைப் பின் அட்டையிலும் ஒட்டுகிறோம். இதைத் தாள் கீல் என்று சொல்வேன். ஐந்தடி அகலப் படத்துக்கு 6 அங்குலத்துக்கு ஒன்று என்று 10, 11 கீல் வைப்பது என் வழக்கம். கீழ் ஓரம் சும்மா கிடக்கும். சட்டத்தைத் தூக்கி இறக்கும்போது தாள் முன்னால் சரியாமல் இருக்க, கீழ் மூலைகளில் நீளமான, தளர்ந்த கீல் இரண்டு போதும்.

கீலைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. தூரிகையைத் தண்ணீரில் நனைத்துக் கோசோ தாளில் ஒரு கோடு இழுங்கள். கொஞ்சம் ஊறவிட்டு, இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் அந்தக் கோட்டு வழியே பிரியும். விளிம்பில் பூனை மயிர் மாதிரி நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் மேடு தெரியாமல் படத்தோடு படியும். வெட்டிய விளிம்பு என்றால் சில மாதத்தில் முன்பக்கத்தில் ஒரு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கீல் எப்போதும் படத்தாளைவிட மெல்லியதாக இருக்கட்டும். சட்டம் கீழே விழுந்து அதிர்ந்தால் கிழியவேண்டியது கீல், படம் கிழியக்கூடாது.

பசை வீட்டிலேயே செய்யலாமா? கோதுமைமாக் கூழ்தானே?

மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழ் வேறு, எங்களுக்கு வேண்டியது வேறு. கோதுமைமாவில் மாப்பொருளோடு பசைப்புரதமும் இருக்கிறது. அது நாளடைவில் மஞ்சளாகும், பூச்சியையும் அழைக்கும். அதைப் பிரித்து எடுத்துவிடவேண்டும். ரொட்டிக்குப் பிசைவது போல மாவைப் பிசைந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு சட்டித் தண்ணீருக்குள் வைத்துக் கையால் அலசுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். கையில் மிஞ்சுவது இறப்பர் போல இழுபடும், அதுதான் வேண்டாத பங்கு. வெள்ளைத் தண்ணீரை இரவு முழுக்க அசையாமல் வைத்தால் மாப்பொருள் அடியில் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு, படிந்ததைக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த மாப்பொருள் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து பங்கு. மெல்லிய நெருப்பில் கை ஓயாமல் 20 முதல் 30 நிமிடம் கிண்டவேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடித்தன்மை வரும். ஆறவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடியுங்கள். கெட்டித் தயிர் பதம் சரி. கீலில் மிகக் கொஞ்சமாகப் பூசி, மேலே மை ஒற்றும் தாளும் ஒரு பாரமும் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். எங்கள் வெக்கையில் இந்தப் பசை இரண்டு நாளைக்கு மேல் நிற்காது, புளித்த மணம் வந்தால் கொட்டிவிடுங்கள். கெடாமல் இருக்கத் துருசு கலக்கும் பழக்கம் புத்தகம் கட்டுபவர்களிடம் உண்டு. ஓவியத்துக்கு அது வேண்டாம், செம்பு கலந்த பொருள் தாளைப் பழுப்பாக்கும்.

இவ்வளவு பாடு ஏன் என்றால், இந்தப் பசை எத்தனை வருடம் போனாலும் தண்ணீர் பட்டால் இளகும். நாளைக்கு வேறொருவர் இந்தப் படத்தைக் கழற்ற நேர்ந்தால் அவர் கையில் படம் முழுதாக வரும்.

செலோடேப் போதாதா? மாஸ்கிங் டேப்?

இரண்டும் வேண்டாம். சில வருடத்தில் பசை எண்ணெய் போல உருகித் தாளுக்குள் இறங்கும், டேப் காய்ந்து உதிர்ந்தாலும் தேன் நிறக் கறை நிற்கும். அந்தக் கறையை எடுக்க எனக்குத் தெரியாது. இரட்டைப் பக்க டேப்புக்கும் இதே பதில்தான்.

கண்ணாடி நல்லதா, பெர்ஸ்பெக்ஸ் நல்லதா?

நான்கடிக்கு ஐந்தடிப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் கண்ணாடி அந்த அளவுக்கு ஏறக்குறைய 14 கிலோ. அதே தடிப்பு அக்ரிலிக், அதாவது எங்கள் ஆட்கள் பெர்ஸ்பெக்ஸ் என்பது, 6½ கிலோ. பாதிக்கும் குறைவு. பாரம் குறைந்தால் சட்டம் ஒல்லியாக இருக்கலாம், சுவரும் தப்பும். கண்ணாடி உடைந்தால் சில்லு முதலில் கிழிப்பது படத்தைத்தான். அதனால் இந்த அளவுக்கு மேல் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன். அது 8 × 4 அடித் தகடாக வருகிறது. புற ஊதாக்கதிரைத் தடுக்கும் வகையும் உண்டு, காசு கூட.

அக்ரிலிக்குக்கு மூன்று குணம் உண்டு. சீக்கிரம் கீறும், ஆகவே மெல்லிய பருத்தித் துணியை ஈரமாக்கித் துடையுங்கள், கண்ணாடி துடைக்கும் திரவம் அதில் படவே கூடாது. வெப்பத்தில் நீளும், ஆகவே சட்டத்துக்குள் சுற்றிவர 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் வெட்டவேண்டும், இறுக்கமாக வெட்டினால் கச்சான் காலத்தில் வளைந்து நிற்கும். மூன்றாவது நிலைமின். துடைத்தால் தூசியை இழுக்கும். கரி, பாஸ்டல் படங்களுக்கு அது ஆபத்து, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கண்ணாடி படத்தில முட்டிக்கொண்டு இருந்தால் என்ன?

ஈரக் காலத்தில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். தாள் அங்கே ஒட்டும், பூஞ்சணமும் அங்கேதான் தொடங்கும். சிறிய படத்தில் மவுண்ட் அட்டையின் தடிப்பே போதிய இடைவெளி தரும். பெரிய படம் மாரியில் அலையாக எழும்பும் என்பதால் குறைந்தது 10, 12 மில்லிமீட்டர் வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே, ஒரு மெல்லிய சட்டக்கீற்றை மறைவாக வைப்போம். வெளியில் இருந்து பார்த்தால் படம் ஒரு பெட்டிக்குள் இருப்பது போலத் தெரியும், அதுவும் ஒரு அழகுதான்.

சேர், மவுண்ட் வேண்டாம். தாளின்ர ஓரம் முழுக்கத் தெரியவேணும்.

கையால் செய்த தாளுக்கும், ஓரம் கிழிந்தமாதிரி இருக்கும் அச்சுத்தாளுக்கும் இப்படிப் போடுவதுதான் பொருத்தம். 40 × 60ஐத் தாண்டிய படத்துக்கு ஒரே துண்டில் மவுண்ட் அட்டை கிடைக்காது என்பதால் பல சமயம் இதுவே ஒரே வழியும்கூட. படத்தின் முன்னால் எதுவும் இராது, பின் அட்டையின் மேல் மிதப்பது போல நிற்கும்.

கீல் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் இதில் வேலை. பின் அட்டையில் கீல் வரும் இடங்களில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கீலின் வாலை அதனூடாகப் பின்பக்கம் இழுத்து அங்கே ஒட்டுகிறேன். படம் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வாலாக இழுக்கலாம். ஐந்தடிப் படத்தை இப்படி நேராக்க எனக்கு ஒரு பின்னேரம் போகும்.

பின்னால ஹார்ட்போர்ட் போடுறதுதானே வழக்கம்?

வழக்கம்தான், மலிவும்தான். ஆனால் ஹார்ட்போர்ட், எம்.டி.எஃப், பிளைவூட் மூன்றும் நாளாவட்டத்தில் அமிலத்தை வெளியிடும். தொட்டுக்கொண்டிருக்கும் தாள் பழுப்பாகும், ஓரத்தில் உடைய ஆரம்பிக்கும். பழைய சட்டம் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், பலகையின் கண்ணும் முடிச்சும் அப்படியே படத்தின் முதுகில் பழுப்பாகப் பதிந்திருக்கும்.

படத்தைத் தொடுவது அமிலமற்ற பருத்தி அட்டையாக இருக்கவேண்டும். அதற்குப் பின்னால் பெயர்ப்பலகைக் கடைகளில் பாவிக்கும் அலுமினியக் கலப்புத் தகட்டை வைக்கிறேன். 3 அல்லது 4 மில்லிமீட்டரில், 8 × 4 அடியில் வருகிறது. ஈரம் குடிக்காது, வளையாது, கறையானுக்கும் அதில் சாப்பாடு இல்லை. காசு போதாதென்றால் உள்ளே குழல் குழலாக இருக்கும் பொலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் போர்டும் சரி. பி.வி.சி. நுரைப் பலகை பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருக்கும், ஆனால் காலப்போக்கில் அதுவும் அமிலம் விடும். ரெஜிபோமையும் (தெர்மாகோல்) கணக்கில் எடுக்காதீர்கள்.

சட்டத்துக்கு எந்த மரம்? முதிரை போடலாமா?

முதிரை, தேக்கு, மகோகனி எதுவும் நல்லது, நன்றாகக் காய்ந்திருந்தால். பச்சை மரத்தில் போட்ட 45 பாகை மூலை கச்சானுக்கு வாயைத் திறந்துவிடும். முதிரை பாரம் கூடியது, அதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வார்ப்புப் பிளாஸ்டிக் சட்டம் நான்கடிக்கு மேல் தனியாக நிற்காது, கீழ்ச்சட்டம் கண்ணாடியின் பாரத்தில் வில் மாதிரித் தொய்யும். அதைத்தான் வேண்டும் என்றால், பின்னால் ஒன்றுக்கு இரண்டு அங்குல மகோகனிக் கட்டையில் ஓர் உட்சட்டம் அடித்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் கொடுத்தால் தாங்கும்.

திருகாணி, கொளுக்கி எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு அல்லது பித்தளை. கடலோர வீட்டில் சாதாரண இரும்பு ஒரு மாரிக்குள் கறல் பிடிக்கும், கறல் நீர் வழிந்து தாளில் இறங்கினால் அது போகாது.

கொழும்பில இருந்து சுருட்டிக் கொண்டு வந்தனான். விரிய மாட்டன் எண்டுது.

பலவந்தம் செய்யாதீர்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்த்தால் வர்ணம் வெடிக்கும். இஸ்திரிப்பெட்டி வேண்டவே வேண்டாம். தாளுக்குக் கொஞ்சம் ஈரமும் நேரமும் கொடுத்தால் தானாக இறங்கும். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் மாரி நல்ல உதவி. மழை நாள் ஒன்றில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுத்தமான பருத்திப் படுக்கை விரிப்பின் மேல் படத்தை முகம் மேலே இருக்க விரித்து, ஓரங்களில் துணி சுற்றிய சிறு பாரங்களை வையுங்கள். ஓர் இரவு போதும். பிறகு இரண்டு பக்கமும் மை ஒற்றும் தாள் வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். பழைய பத்திரிகையை இடையில் வைக்காதீர்கள், அச்சு மை ஒட்டும். மேலே பாரம் ஏற்றும் வேலை கரி, பாஸ்டல் படங்களுக்குப் பொருந்தாது.

அடுத்த முறை கொண்டுவரும்போது, கடையில் வாங்கும் நான்கு அங்குல பி.வி.சி. தண்ணீர்க் குழாய் ஒரு துண்டின் வெளிப்புறத்தில், வர்ணம் வெளியே பார்க்க, மெல்லிய வெள்ளைத்தாளோடு சேர்த்துச் சுற்றுங்கள். அதற்கு மேல் பொலித்தீன். கொழும்பிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வருவதற்கு இது தாங்கும். வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.

லெமினேற் பண்ணினால் பிரச்சினை முடிஞ்சுதே?

கடை விளம்பரத்தாள் என்றால் பண்ணுங்கள். வரைந்த படத்துக்கு அது திரும்பிப் போக முடியாத வழி. கம் பூசுவது பற்றிச் சொன்ன எல்லாமே இதற்கும் பொருந்தும், கூடவே சூடும் சேர்கிறது.

புகைப்படத்தை ஆறடிக்கு அச்சடிச்சு வச்சிருக்கிறன். அதையும் தொங்கத்தான் விடவேணுமா?

இல்லை. கோப்பு உங்களிடம் இருக்கிறது, பழுதானால் திரும்ப அச்சடிக்கலாம். அதை அலுமினியக் கலப்புத் தகட்டில் ஒட்டுவது நல்ல வழி, தகடு அசையாது என்பதால் கொப்புளமும் அரிது. நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: இது போனால் இன்னொன்று வருமா? வரும் என்றால் ஒட்டலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் கீல்.

எவ்வளவு முடியும்?

விலை மாறிக்கொண்டே இருப்பதால் எழுதவில்லை. கணக்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். நான்கடிக்கு ஐந்தடி என்றால் சுற்றளவு 18 அடி. இரண்டங்குலச் சட்டம் என்றால் மூலை வெட்டுக்கு மட்டும் ஓர் அடிக்கு மேல் போகும். சட்டக்கம்பு ஒன்று மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருவதால், ஐந்தடித் துண்டும் நான்கடித் துண்டும் ஒரே கம்பில் பெரும்பாலும் அடங்காது. ஆகவே இரண்டு கம்பு போதும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் மூன்று வாங்குகிறோம். கண்ணாடியோ அக்ரிலிக்கோ 20 சதுர அடி. அதே அளவு பின் அட்டை, பின் தகடு. குறைக்கவேண்டும் என்றால் சட்டத்தின் அழகில் குறையுங்கள். படத்தைத் தொடும் அட்டையிலும் கீலிலும் குறைக்காதீர்கள்.

வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியுமா எண்டு எப்படித் தெரியும்?

வேலை தொடங்குமுன் வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து வாருங்கள். ஆட்டோவில் வராது. சிறிய லொறியில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி, நீளமான பக்கம் கீழே இருக்க, பாயோ மெத்தையோ சாய்த்துக் கட்டிக் கொண்டுபோகவேண்டும். கண்ணாடி என்றால் மேலே பெருக்கல் குறியாக மாஸ்கிங் டேப் ஒட்டலாம். மாஸ்கிங் டேப்புக்கு எங்கள் வேலையில் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

எந்தச் சுவரில மாட்டலாம்? கடலைப் பாத்த அறை நல்ல வெளிச்சம்.

அந்த வெளிச்சம்தான் பயம். கிழக்கு யன்னல் உள்ள அறையில் காலை வெயில் நேராகக் கடலில் இருந்து வந்து சுவரில் விழும். தாள் ஓவியத்துக்கு அரும்பொருட்காட்சியகங்களில் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள், அது மங்கலான மாலை வெளிச்சம் போல. புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே வர்ணத்தை வெளுக்கச் செய்யும், மெதுவாக.

வெளிச்சுவரைவிட வீட்டின் உட்சுவர் நல்லது. வாடைக்காற்று மழையை அடிக்கும் வடகிழக்குச் சுவர் உள்ளே குளிர்ந்து வேர்க்கும், படத்தின் முதுகு அந்த ஈரத்தைக் குடிக்கும். வேறு இடமே இல்லையென்றால் சட்டத்தின் பின் மூலைகளில் தடித்த இறப்பர் பொட்டு ஒட்டி, சுவரில் இருந்து ஒரு விரல் இடைவெளி விடுங்கள். குளிரூட்டி நேரடியாக ஊதும் சுவரும் வேண்டாம். பகலில் போட்டு இரவில் நிறுத்தும் அலுவலகத்தில் ஒரு வருடத்து ஏற்ற இறக்கத்தைத் தாள் ஒரே வாரத்தில் படுகிறது.

ஆணி ஒண்டு போதுமா? நடுவில கம்பி கட்டி?

பெரிய சட்டத்துக்குக் கம்பியே கட்டாதீர்கள். கம்பி இரண்டு பக்கச் சட்டத்தையும் உள்நோக்கி இழுக்கும், மூலை விலகும். சட்டத்தின் இரு பக்கமும் வளையம் பூட்டி, சுவரில் இரண்டு இடத்தில் ரோல் பிளக் வைத்துத் திருகாணி முடுக்கி, நேராக மாட்டுங்கள். 20 கிலோவைத் தாண்டினால் இன்னும் நல்ல வழி: ஒரு கட்டையை நீளவாக்கில் 45 பாகை சாய்த்து இரண்டாகப் பிளந்து, ஒன்றைச் சுவரிலும் மற்றதைச் சட்டத்தின் முதுகிலும் முடுக்கினால் ஒன்றில் ஒன்று கவ்வி உட்காரும். பாரம் முழு நீளத்திலும் பரவும். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி நிற்பதுபோல் நின்று பிறகு பொலபொலவென்று வரும். அங்கே துளை ஆழமாகப் போய்க் கல்லைப் பிடிக்கவேண்டும்.

நீங்க சொன்ன மாதிரித்தான் போட்டது. மாரிக்கு அலை அலையா வந்திட்டு. பிழைதானே?

பிழை இல்லை. மேலே சொன்ன 6 மில்லிமீட்டர்தான் அந்த அலை. தாள் போக இடம் இருந்ததால் அலையாக எழுந்திருக்கிறது, இடம் இல்லாவிட்டால் கொப்புளம் எழுந்திருக்கும். தை கழிந்து வெயில் வந்ததும் இறங்கும். கண்ணாடியில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. கண்ணாடி, படம், பின் தகடு மூன்றையும் ஒரு பொதியாகச் சேர்த்து, ஓரம் முழுக்க, குளிரூட்டி வேலைக்காரர் பாவிக்கும் அலுமினிய டேப்பால் சுற்றி மூடலாம். ஈரம் உள்ளே போவதும் வருவதும் மெதுவாகும். ஆனால் இதைக் கோடையில்தான் செய்யவேண்டும். மழை நாளில் மூடினால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும், அது பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. அவசரம் என்று ஐப்பசிக்குப் பிறகு வருபவர்களிடம் சட்டத்தை இப்போது போட்டுத் தருகிறேன், மூடுவதற்கு வைகாசியில் கொண்டுவாருங்கள் என்று சொல்கிறேன்.

உள்ளுக்குள்ள புள்ளி புள்ளியா வந்திருக்கு. பூச்சி உருண்டை போடட்டா?

உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக் சட்டத்தையும் வர்ணத்தையும் தாக்கலாம். முதலில் எது என்று பாருங்கள். மேலே பஞ்சாகவோ தூளாகவோ இருந்தால் பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் 65, 70 வீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது வரும். தாளுக்குள்ளேயே தேயிலைக் கறை நிறத்தில் இருந்தால் பழைய கறை, அதை வீட்டில் எடுக்கப் பார்க்காதீர்கள். மேல்தோல் சுரண்டியதுபோல் மெலிந்திருந்தால் இராமபாணப் பூச்சி மேய்ந்திருக்கிறது.

பூஞ்சணம் என்றால் சட்டத்தைத் திறந்து, படத்தை நிழலான, காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் உள்ளே தேய்ந்து இறங்கும். காய்ந்ததும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மிக மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பழைய பின் அட்டையைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

அம்மாவைக் கரியால வரைஞ்சு வச்சிருக்கம், ஆளளவு. அதுக்கும் பெர்ஸ்பெக்ஸ்தானா?

31ஆம் நாளுக்கு என்று இப்படிப் படம் வரைவிக்கும் வீடுகள் உண்டு. அவசரமாகத்தான் கொண்டுவருவார்கள். சாதாரண அக்ரிலிக் போட்டால் நிலைமின் கரித்தூளைத் தாளில் இருந்து அக்ரிலிக் பக்கம் இழுத்துவிடும். முகத்தின் நிழல் மெல்ல மெல்ல வெளுக்கும், அக்ரிலிக்கின் உட்புறத்தில் மங்கலாக இன்னொரு முகம் படியும். அப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன், மகளுக்குக் காட்ட மனம் வரவில்லை.

இதற்குக் கண்ணாடிதான். பாரத்தைச் சட்டத்தில் சமாளித்துக்கொள்ளலாம். இடைவெளியை 15 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். படத்துக்கும் இடைவெளிக் கீற்றுக்கும் நடுவில் கீழே கொஞ்சம் இடம் விட்டால், உதிரும் தூள் கண்ணில் படாமல் அங்கே விழும். சுவரில் தட்டாமல் மாட்டுங்கள். தூள் நிற்பதற்குத் தெளிக்கும் திரவத்தை வரைந்தவரே வரைந்தபோதே தெளித்திருந்தால் நல்லது. இப்போது நீங்கள் தெளித்தால் சாம்பல் நிறமெல்லாம் கறுத்துவிடும், அம்மாவின் முகம் மாறிவிடும்.

அப்பப்பா துறைமுகத்தில வேலை செய்தவர். அவர் வச்சிருந்த கடல் வரைபடம், பின்னால துணி ஒட்டினது. துணியைக் கழட்டிட்டுப் பிரேம் போடலாமா?

1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துப் போன பிறகு, இப்படிப்பட்ட தாள்கள் சில வீடுகளில் தங்கிவிட்டன. துணியைக் கழற்றாதீர்கள். அந்தக் காலத்தில் மடித்து விரிப்பதற்காக ஒட்டிய துணி அது, தாளின் பலம் இப்போது அதில்தான் இருக்கிறது. மடிப்புக் கோடுகளும் பென்சிலால் போட்ட குறிகளும் அழுக்கு இல்லை, யாரோ ஒருவர் வேலை செய்த தடம். அழிரப்பரை எடுக்கவேண்டாம்.

துணியும் தாளும் வேறுவேறு அளவில் நீளும் என்பதால் இது எப்போதும் கொஞ்சம் வளைந்துதான் நிற்கும். மெல்லிய கோசோ கீல் இதன் பாரத்தைத் தாங்காது. துணியின் மேல் ஓரத்தில் அகலமான பருத்தி நாடாவை அதே மாப்பொருள் பசையால் ஒட்டி, அந்த நாடாவைப் பின் அட்டையின் மேலாக மடித்துப் பின்பக்கம் பிடிப்பேன். இடைவெளி 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல்.

வெள்ளத்தில நனைஞ்சு, படம் கண்ணாடியோட ஒட்டிட்டு. இழுத்துப் பாக்கட்டா?

இழுக்காதீர்கள். ஒரு மூலையைக்கூட இழுத்துப் பார்க்காதீர்கள். இன்னும் ஈரமாக இருந்தால், சட்டத்தைக் கண்ணாடி கீழே இருக்கப் படுக்கவைத்து, பின் ஆணிகளையும் பின் பலகையையும் எடுத்துவிட்டு, படத்தின் முதுகு காற்றில் காயட்டும். மின்விசிறி தூரத்தில், வெயில் படாமல். காயும்போது சில இடம் தானாக விடும். விட்ட இடத்தையும் தூக்காதீர்கள்.

முழுதாகக் காய்ந்த பிறகும் ஒட்டியிருந்தால், கண்ணாடியையும் படத்தையும் ஒன்றாகவே, சுத்தமான அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, தாள் பாதுகாப்புப் படித்தவர் ஒருவரிடம் கொண்டுபோகவேண்டும். நான் செய்யும் வேலை அந்த இடத்தில் நிற்கிறது. கண்ணாடி உடைந்திருந்தாலும் துண்டுகளைப் படத்தில் இருந்து பெயர்க்காமல், அப்படியே மேலே மெல்லிய வெள்ளைத்தாள் போர்த்திக் கட்டுங்கள்.